கைவிடப்பட்ட குடியிருப்பு

"படுங்கோ! படுங்கோ!"

அண்ணை கத்துகிறார். வயல் வரம்பில் குப்புற விழுகிறேன். தூரத்தில் 'டும்'. பிறகு கூவல். பிறகு காது அடைத்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அம்மாவைக் காணவில்லை.

மாசி மாதம். காலை. அம்மா அடுப்படியில் திரிகையில் பயறு உடைத்துக்கொண்டிருந்தார். செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஓடினோம். அம்மா திரிகையின் மேற்கல்லைத் தூக்கப் பார்த்தார். அவருடைய சீதனம் அது.

"விட்டிட்டு வாணை அம்மா!"

அண்ணை வரம்பிலிருந்து கூப்பிட்டார். அம்மா வரவில்லை. அண்ணை திரும்பி ஓடினார். அடுத்த செல் அடுப்படியில் விழுந்தது.

இப்போது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிறேன். இங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குத் தமிழ் விளக்கம் எழுதி, வாசித்தும் கொடுக்கிறேன். போன மாதம் எழுத வந்த காட்சி, ரோமர் ஆண்ட பிரித்தானியாவின் நாட்டுப்புறக் குடியிருப்பு. வட்ட வீடுகளின் அடித்தடம். சுற்றிவர அகழி. மாட்டுப்பட்டி. அடுப்பருகே ஒரு திரிகை. ஆங்கில மூலத்தில் ரோமர் போட்ட வீதிகளுக்கும் கட்டிய கோட்டைகளுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம். அங்கே இருந்த சனத்துக்கு ஒரேயொரு வரி. குடியிருப்பு கைவிடப்பட்டது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் ஊரிலும் ஆமிக்காரர் அதே சொல்லைத்தான் பலகையில் எழுதி நட்டார்கள். கைவிடப்பட்ட காணி. இப்போது அது முள்ளுக்கம்பிக்குள் இருக்கிறது. கைவிட்டவர்கள் திரும்பி வந்து கேட்க முடியாதாம்.

'விட்டு ஓட நேர்ந்த குடியிருப்பு' என்று எழுதி அனுப்பினேன். அருங்காட்சியகத்தில் இதற்குப் பொறுப்பான தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தாள். இங்கே பிறந்தவள். மரியாதையான பிள்ளை.

"அன்ரி, ஆதாரம் இல்லையே. அவையள் சும்மா மூவ் பண்ணியிருக்கலாம்."

"சும்மா போறவையள் திரிகையை விட்டிட்டோ போவினம்?"

"அது பாரமெல்லோ அன்ரி."

பாரம்தான். அண்ணையும் அதைத்தான் விடச் சொன்னார். அந்த ரோமர் காலத்துச் சனத்துக்கு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. அருங்காட்சியகத்துக்கும் தெரியாது. தெரியாது என்று எழுதலாமே என்று கேட்டேன். மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றாள்.

ஒலிப்பதிவு அறையில் வாசித்தேன். 'குடியிருப்பு கைவிடப்பட்டது.' குரல் பிசகவில்லை. நல்லாயிருக்கு என்றார்கள். வெளியே வந்து வீடு திரும்ப ஸ்ரீற்கார் வண்டிக்கு நின்றபோது என்மேலேயே அருவருப்பாக இருந்தது. என் வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள்.

ஆகவே எங்கள் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். அம்மா. அண்ணை. வீடு. கிணறு. கட்டையில் கட்டியபடி நின்ற இரண்டு மாடுகள். திரிகை, பாதி உடைந்த பயறோடு.

கைவிட்டது ஒன்றுமில்லை.