ஃபார்சி நாலு

இல்லீங்க அபு மிஷாரி, கழட்ட வேண்டாம், உங்க கையிலயே இருக்கட்டும், நான் சும்மா கிட்டத்துல ஒரு பார்வை... அட, கழட்டியே குடுத்துட்டீங்களா. மனசுன்னா இது மனசு. குடுங்க, குடுங்க. இருங்க, மடியில கைக்குட்டையை விரிச்சுக்கறேன். உங்க வீட்டு மீன் மச்பூஸ் சோறு சாப்பிட்ட கை, எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகலை. போகவும் வேண்டாம், அப்படி ஒரு சாப்பாடு.

மாஷா அல்லாஹ். என்ன வாட்ச்ங்க இது!

என்னது? சேச்சே, எனக்கு எதுக்குங்க? உங்க கையில இருந்தாத்தான் அதுக்கு அழகு. பார்த்தீங்களா எல்லாரும்? நல்லாருக்குன்னு நான் வாயை மூடறதுக்குள்ள, இது உங்களுதுதான், எடுத்துக்கோங்கன்னுட்டார். எடுத்துக்கோன்னு சொல்றது வீட்டுக்காரருக்கு லட்சணம், வேண்டாம்னு சொல்றது விருந்தாளிக்கு லட்சணம். குவைத்துல பால் குடிக்கிற புள்ளைக்கே தெரியும். இருந்தாலும் எல்லாரும் இவ்வளவு வாய் நிறையச் சொல்லிடறாங்களா என்ன? கூட்டுறவு சங்கத் தேர்தல்ல நிக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் ஏதுங்க. இந்த ஏரியா ஓட்டு பூரா இன்னைக்கு உங்க திவானியா கூடத்துலதான் உக்காந்திருக்கு போல, வாசல்ல செருப்பு விட எடமில்ல.

லென்ஸா? எப்பவும் பையில இருக்கும். இந்தப் பைத்தியம் புடிச்சவன் எவன் இது இல்லாம வெளிய வருவான்? என்னை உங்ககிட்ட அறிமுகம் பண்ணி வெச்சாரே அபு ஃபவாஸ், அவர் கேலி பண்ணுவார், இவன் பொண்டாட்டி மூஞ்சியை இப்படி ஒரு நாள் உத்துப் பார்த்திருந்தா குடும்பம் உருப்பட்டிருக்கும்னு. சிரிங்க சிரிங்க. உண்மைதான அது.

இந்த வாட்ச்சைப் பத்தி இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லலாமா? உங்களுக்குத் தெரியும், ஆனா ஓட்டுப் போடறவங்களுக்கும் தெரியட்டுமே, நம்ம வேட்பாளர் கையில என்ன இருக்குன்னு. அந்தக் காலத்துல நம்ம பஜார்ல ஒரு கடைக்காரர், ஜெனீவாவுக்குச் சொல்லி, அரபி எண் போட்டு, தன் கடை பேரையும் டயல்லயே எழுதி வரவழைச்சார். மொதல்ல வந்ததுல கடை பேரு பன்னெண்டுக்குக் கீழ இருக்கும். அடுத்து வந்ததுல ஆறுக்கு மேல. மொதல் தினுசு இன்னைக்கும் தேடினா கெடைக்கும். ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம்.

இது ரெண்டாவது தினுசுதான். ஆனா பாருங்க, இங்க, இந்த நாலைப் பாருங்க. நம்ம நாலு எப்படி இருக்கும்? இங்கிலீஷ் மூணைத் திருப்பிப் போட்ட மாதிரி. இது அப்படியா இருக்கு? மேல ஒரு கொக்கி, கீழ ஒத்தக் கால்ல நிக்குது. இது ஃபார்சி நாலு. ஜெனீவாவுல எழுதினவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான? ஈரானுக்குப் போன டயலைப் பார்த்து எழுதிட்டான். கடைக்காரர் அதைக் கவனிச்சதும் தாம்தூம்னு குதிச்சாராம். எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டார். அதுக்குள்ள வித்துப்போனது நாலோ அஞ்சோ. இன்னைக்கு அதுக்குத்தான் ஊர்ல இருக்கற கிறுக்கனெல்லாம் அடிச்சுக்கறான். சரியா எழுதினதைச் சீண்ட ஆள் இல்ல, தப்பா எழுதினது ஏலத்துக்குப் போகுது. அடுத்த மாசம்தான அனுப்பறீங்க? மனசு வருதா?

ஐயோ, மறுபடியுமா! வேண்டாங்க அபு மிஷாரி, நீங்க சொன்னதே எனக்கு வந்து சேர்ந்த மாதிரி. பெருசா ஏலத்துக்குப் போக வேண்டியதை என்கிட்ட குடுத்துட்டு என்ன பண்ணுவீங்க? இவரு எங்க அனுப்புவார், இப்படி வர்றவன் போறவனுக்கெல்லாம் எடுத்துக்கோ எடுத்துக்கோன்னா.

இந்தா, காபி போதும்ப்பா, கோப்பையை ஆட்டிட்டேன் பாரு. எங்க விட்டேன்? ஆங். இந்த ஓரம். ஒன்பது பக்கம் மட்டும் டயல் டீ சிந்தின மாதிரி பழுப்பா இருக்குல்ல? இந்தப் பழுப்புக்கே தனி வெலைங்க. வெயில் பட்டதா? இருக்கலாம். எங்க வாங்கினேன்னீங்க? மிலான்லயா? ஒரு கெழவர்கிட்ட. ஓஹோ. மிலான் வெயில் ஒன்பது பக்கம் மட்டும்தான் அடிக்கும் போல.

கோச்சுக்காதீங்க, தமாஷ். நீங்களே பாருங்க, பழுப்பு இருக்கற அதே பக்கம் உடம்பும் தேஞ்சிருக்கு, சாவி குடுக்கற குமிழ் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. இதைக் கட்டினவன் வலது கையில கட்டியிருக்கான். அப்பதான் ஒன்பது பக்கம் விரலைப் பார்த்து இருக்கும், இடிபடும், கண்ணாடி ஓரம் விரியும், தண்ணி போகும். உப்புத் தண்ணிங்க இது. நல்ல தண்ணி இப்படிச் சாப்பிடாது. மிலான்ல கடல் ஏது?

ஆனா ஒண்ணு. கறையோ குறையோ, இந்த மாதிரி ஒண்ணை நான் என் ஆயுசுல பார்த்ததில்ல. மனசார சொல்றேன், எல்லாரும் கேளுங்க. எத்தனை பேரு வீட்டுல உக்காந்து எத்தனை பார்த்திருக்கேன். இதைப் பார்த்தப்புறம் கண்ணை வேற பக்கம் திருப்ப முடியலைங்க அபு மிஷாரி. கண்ணு நெறைஞ்சு போச்சு.

என்ன சொன்னீங்க? சரியா காதுல விழலை. கொஞ்சம் பலமா... உங்களை விட எனக்கு இது பெருசா, எடுத்துக்கோங்க, இது உங்களுதுன்னா சொன்னீங்க? ஆஹா. அந்த மூலையில உக்காந்திருக்கறவங்களுக்கும் கேட்டுச்சா? கேட்டுச்சாம்.

சரிங்க. மூணு தடவை சொல்லிட்டீங்க. இதுக்கு மேல வேண்டாம்னா உங்க மரியாதையை நான் கொறைச்ச மாதிரி. வாங்கிக்கிட்டேன். அல்லாஹ் உங்க கையை நெறைக்கட்டும். உங்க ஞாபகமா வெச்சுக்கறேன்.

இந்த வார் கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஓட்டைக்குள்ள... ஆங், வந்துடுச்சு. வலது கைக்குத்தான் இது.

நீங்க ஏன் கையை நீட்டறீங்க அபு மிஷாரி? விளையாட்டுக்குச் சொன்னீங்களா? அப்படியா. சரி, எனக்கு ஒண்ணும் இல்ல, இப்பவே கழட்டித் தந்துடறேன். ஒரே ஒரு வேலை பண்ணுங்க. எந்திரிச்சு நின்னு, உங்களுக்கு ஓட்டுப் போடப் போற இவ்வளவு பேரு முன்னாடி சொல்லுங்க, நான் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறேன்னு. இந்த வாட்ச் தானா உங்க கைக்கு வந்துடும்.

ம்? சொல்லுங்க, நான் காத்துக்கிட்டிருக்கேன்.

முடியலை இல்ல? தெரியும். குடுத்ததைத் திருப்பிக் கேக்க வாய் வராதுன்னு எங்க வீட்டுல ஒருத்தனைப் பார்த்து பார்த்து எனக்கு அத்துப்படி.

உக்காருங்க, சொல்றேன். பழைய கதை. துறைமுகத்துல யாகூப்னு ஒருத்தர். கப்பலை உள்ள கூட்டிட்டு வர்ற வேலை. சின்னப் படகுல போயி, கப்பல் பக்கவாட்டுல தொங்கற கயித்து ஏணியைப் புடிச்சு மேல ஏறணும். இடது கை கயித்துல, வலது கையில வாட்ச். எத்தனை தடவை இரும்புல மோதியிருக்கும், எத்தனை அலை மேல அடிச்சிருக்கும். வாங்கின அன்னைக்கே கடைக்காரர் பின்னாடியே ஓடி வந்தாராம், நாலு தப்பா இருக்கு, மாத்தித் தர்றேன்னு. கப்பல்ல பாதிப் பேரு ஈரான்காரன், அவனுக்கும் மணி தெரியட்டும், போய்யான்னு வந்துட்டாராம். எங்ககிட்ட இதைச் சொல்லி சொல்லிச் சிரிப்பார்.

ஆமாங்க. எங்க அப்பா.

பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அவரு மௌத்தாகி ரெண்டாம் நாள். துக்கம் கேக்க யார் யாரோ வர்றாங்க. நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல, வந்து சேர முடியலை. எங்க அண்ணன் கானிம் அப்பா வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறான். அழுது அழுது மூஞ்சி வீங்கியிருக்கு. வந்தவர்ல ஒருத்தர் அவன் கையைப் புடிச்சு, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்னார். புடிச்ச கையை விடலை. என்ன அழகான வாட்ச்னார். துக்க வீட்டுல! அவனுக்கு என்ன தோணும்? பழக்கம், வாய் தன்னால சொல்லுச்சு, எடுத்துக்கோங்கன்னு. எந்த மனுஷனும் என்ன சொல்லணும்? உங்க கையில இருந்தாத்தான் அழகுன்னு சொல்லணும். இவர் கையை நீட்டினார். உங்க அப்பா ஞாபகமா வெச்சுக்கறேன்னார். அவனே கழட்டி அவனே கட்டிவிட்டான்.

என் அக்காங்க ரெண்டு பேரும் அவனோட பேச்சை நிறுத்திட்டாங்க, அப்பா மண்ணு காயறதுக்குள்ள அப்பா பொருளைத் தூக்கிக் குடுத்தவன்னு. நானும் கேக்காத கேள்வி இல்ல, நடந்ததைச் சொன்னான். யாரு வாங்கினான்னு மட்டும் சொல்லேண்டான்னேன். குடுத்ததை எப்படிச் சொல்லிக் காட்டறதுன்னான். அவ்வளவுதான் பேசினான். ஆளுங்க வந்து உக்கார்ற திவானியாவைப் பூட்டிட்டான். அதுக்கப்புறம் கையில ஒண்ணும் கட்டறதில்ல. யாரும் வந்து எதையும் நல்லாருக்குன்னு சொல்லிடக்கூடாதுன்னு புதுசா ஒரு சட்டைகூடப் போடறதில்ல.

அவன் பேரைச் சொல்லலை. அதனால நான் வாட்ச்சைப் படிச்சேன். நாலு எப்படி, பேரு எங்க, எது எத்தனை வந்துச்சு, எது யாருகிட்ட இருக்கு. எனக்கு இதுல ஒரு ஆசையும் இல்லைங்க அபு மிஷாரி. சத்தியமா சொல்றேன், வாட்ச்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா உலகத்துல நாலோ அஞ்சோதான் இருக்குன்னா, அதுல ஒன்பது பக்கம் உப்பு தின்னது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். போன வருஷம் உங்க கை போட்டோ கண்ணுல பட்டுச்சு. அடுத்த வருஷ ஏலத்துக்கு அனுப்பப் போறேன்னு பெருமையா போட்டிருந்தீங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. உங்க வீட்டுக் கதவை ஒடைச்சுடலாமான்னு இருந்துச்சு. அப்புறம் தோணுச்சு, திருடிட்டுப் போனா நான் திருடன். நீங்களே குடுக்கணும். குடுத்துட்டு வாயைத் திறக்க முடியாம உக்காரணும். ஊரே பார்க்கணும். அபு ஃபவாஸோட பழகி, இந்தப் பாயில எடம் புடிக்க ஒரு வருஷம் ஆச்சு. போகட்டும். இப்ப உங்க மூஞ்சியைப் பார்க்கறேன் பாருங்க, நெஞ்செல்லாம் குளுந்துடுச்சு.

என்ன, ஞாபகம் இல்லையா? எந்த யாகூப்னு கேக்கறீங்களா? அது சரி. எத்தனை வீட்டுல கையை நீட்டினீங்களோ, ஒண்ணொண்ணா ஞாபகம் வெச்சுக்க முடியுமா.

சாம்பிராணி வந்துடுச்சு. புகை வந்தப்புறம் விருந்தாளி உக்காரக்கூடாது, நான் கெளம்பறேன். இல்ல, வாசல் வரைக்கும் வராதீங்க, வெயில். அண்ணன் கார்லயே உக்காந்திருக்கான். எங்க போறோம்னு சொல்லாமத்தான் கூட்டிட்டு வந்தேன். அவனுக்கு ஒரு பழக்கம், பையில போன் இருந்தாலும் யாரையாவது மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். கார் கதவைத் தெறந்ததும் கேப்பான்.

கையை நீட்டி அவனையே பார்த்துக்கச் சொல்லப் போறேன்.