ஓடலாம் என்று எழுதினேன்

உங்கள் வலது செருப்பின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கும், கழற்றிப் பாருங்கள். நீங்கள் படியேறி இந்த விசாரணை அறைக்கு வரும்போதே காதில் விழுந்தது. இடுப்பில் பழைய வலி ஏதாவது இருக்கலாம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு.

பந்தயக் குதிரை லாயத்தில் காலை ஆறரை மணிக்கு, கல் பாவிய முற்றத்தில், ஒவ்வொரு குதிரையையும் என் முன்னால் நடத்திக் காட்டுவார்கள். போக நாற்பது அடி, வர நாற்பது அடி. பிறகு மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். நடக்கும்போது நான்கு சத்தம் கேட்க வேண்டும், மெதுவாக ஓடும்போது இரண்டு. முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கும். நான் பார்த்துவிட்டுக் கரும்பலகையில் அதன் பெயருக்கு நேரே எழுதுவேன். ஓடலாம், அல்லது ஓடாது. ‘ஓடாது’ அடிக்கடி விழுகிற குதிரை ஒருநாள் பின்வாசல் வழியாகப் போய்விடும். எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

குதிரைக்கு நடிக்கத் தெரியாது. நாய்க்குத் தெரியும். லாயத்தில் கள்ளி என்று ஒரு நாய் உண்டு, சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். அதட்டினால் போதும், உடனே நொண்டும். தடவிக்கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எந்தக் கால் என்று மறந்துபோய், வேறு காலைத் தூக்கிக்கொண்டு வரும். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். மனிதர்களும் நடிப்பார்கள். ஆனால் முகத்தைப் பழக்குகிற அளவுக்கு அவர்கள் காலைப் பழக்குவதில்லை.

அவள் நடையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் மனைவிக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். “கட்டிக்கிறதுக்கு முன்னாடி நடத்திப் பார்த்திருக்க வேண்டாமா இந்த மனுஷன்?” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்ததாகத்தான் நினைவு.

அன்று உடன் சாப்பிட்டவன் வாத்து. லாயத்திலேயே நல்ல சவாரிக்காரன். குதிரை மேல் உட்கார்ந்தால் ராஜா, இறங்கினால் காலை அகட்டி அசைந்து அசைந்து நடப்பான், அதனால் அந்தப் பெயர். பத்து வருடம் என் வீட்டில் கை நனைத்தவன். என்னை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். கூடப் பிறந்த தம்பி இருந்திருந்தால்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

போன வருடக் கடைசியில் அவள் நடை மாறியது. முன்பெல்லாம் வேலை முடிந்து வரும்போது கொஞ்சம் தளர்ந்து, பையின் பக்கம் சாய்ந்து வருவாள். இப்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போதுகூட ஒவ்வொரு அடியும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. அத்தனை ஒழுங்காக எந்த உயிரும் தானாக நடக்காது. விற்பனைக்கு வரும் குதிரை அப்படி நடந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கள்ளியும் மாறியது. என்னோடு வந்தால் முன்னால் ஓடும் நாய், அவளோடு போகும்போது வேகத்தைக் குறைத்து, அவள் காலை ஒட்டியே நடந்தது. வாசல்படியில் நின்று அவள் ஏறும்வரை காத்திருந்தது. நாயும் கட்சி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முடிதிருத்தும் கடையில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் போனாள். பத்தடி பின்னால் வாத்து. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி. ஆனால் அவள் கால் விழும்போது அவன் காலும் விழுந்தது. குட்டையான காலை வைத்துக்கொண்டு அவளுக்குச் சமமாக எட்டி எட்டி வைத்தான். வலது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவு சந்தோஷம். நெடுநாள் சேர்ந்து நடப்பவர்களுக்குத்தான் அடி அப்படி ஒன்றாக விழும். எனக்கும் அவளுக்கும் பதினாறு வருடத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு மூன்று மாடிக் கட்டிடம், கீழே தையல்காரர், நடுவில் தங்கும் விடுதி. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். படிக்கட்டின் கீழே நின்று கேட்டேன். ஏறியது இரண்டு பேர், காதில் விழுந்தது ஒரே காலடி. திரும்பிவிட்டேன். மேலே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். குதிரையின் காலை அறுத்துப் பார்த்தா நான் சொல்கிறேன்?

சாம்பலைப் பற்றிச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது இதுதான். ஐந்து வயதுப் பெண்குதிரை. இரண்டு வாரம் கழித்து, அதுவும் செவ்வாய்க்கிழமைதான், முற்றத்தில் அதை ஓட்டிக் காட்டினார்கள். இடது முன்னங்கால் விழுந்தபோது தலையைத் தூக்கியது. ஒரு விரற்கடை, அதற்கு மேல் இல்லை. குனிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கை வைத்தேன், சூடாக இருந்தது. உள்ளே மயிரிழை விரிசல். சில மாதம் லாயத்தில் நின்றால் ஆறிவிடும். முழு வேகத்தில் ஓடினால் உடையும். அன்று முழு வேக ஓட்டம், சவாரி வாத்துக்கு.

அவன் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, தலைய லேசா தூக்குற மாதிரி தெரியுதே?” என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“சோம்பல்டா. ஓட விட்டா சரியாயிடும்.”

“நீங்க சொன்னா சரிதாண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

கரும்பலகையில் ஓடலாம் என்று எழுதினேன். கையெழுத்து கோணவில்லை, இன்னும் அங்கே இருந்தால் போய்ப் பாருங்கள். மூன்றாவது வளைவில் கால் உடைந்தது. அவன் தலைக்குப்புற விழுந்தான், பின்னால் வந்த குதிரைக்கு ஒதுங்க இடமில்லை. சாம்பலை அங்கேயே ஊசி போட்டு முடித்தார்கள். அது பாவம், அதற்காக இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், கள்ளி அவள் மடியில் தலை வைத்திருந்தது. அவ்வளவு அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. “இனிமே யாரோட சேர்ந்து நடப்பே?” என்று கேட்டேன். அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு லாயத்து முற்றத்துக்கு வந்தாள். குதிரைக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். குதிரைகள் வரும் அதே கோட்டில் நடந்து வந்தாள். எண்ணாமல், அளக்காமல், அவளுக்கு வந்தபடி. இடது பாதம் மேலே எழவில்லை. கட்டைவிரல் கல்லில் உரசிக்கொண்டே வந்தது, நாற்பது அடியும். போய்த் திரும்பி வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஒன்பது மாசமா இந்தக் கால் தூக்க வரல. நரம்பு. மூணாவது மாடியில ஒரு டாக்டரம்மா பயிற்சி குடுக்கறாங்க. உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு நான்தான் அவன்கிட்ட அழுதேன். அவன் தொடையில தட்டித் தட்டி எண்ணிச் சொல்லி, என்னை ஒழுங்கா நடக்க வெச்சான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா என்ன செய்வீங்க?” என்றாள். சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தாள். “பார்த்துட்டீங்கல்ல, எழுதுங்க.”

நான் எழுதவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் தலையைத் தூக்கியதையும் வாத்து கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அன்று சாம்பலைப் பிடித்து ஓட்டிக் காட்டிய குதிரைக்காரர் அங்கேயே அவளிடம் சொன்னார். அங்கிருந்து நேராக அவள் உங்களிடம்தான் வந்திருக்கிறாள். இன்று காலை பக்கத்து அறையிலிருந்து வெளியே போனது அவள்தான், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அடி விழுந்தது, ஓர் இழுப்புக் கேட்டது. நாய் நகம் கூடவே மெதுவாகப் போனது.

ஆகவே, தெரிந்துதான் எழுதினேன். கால் உடையும் என்று தெரியும், அவன் அதன் மேல் இருப்பான் என்றும் தெரியும். இதில் நான் எதையும் மறைக்கவில்லை, மறைத்தவர்கள் அவர்கள். ஒன்பது மாதம், என் வீட்டுக்குள்ளேயே, என் கண்ணை ஏமாற்ற இரண்டு பேர் சேர்ந்து பாடம் படித்திருக்கிறார்கள். இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வீர்கள்? அந்த டாக்டரம்மாவுக்கு ஒன்பது மாதமாகத் தெரிந்திருந்ததை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தேன், அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் நடை மாறியிருக்கிறது என்றேன். மாறித்தானே இருந்தது.