காத்துல கிடந்த பஞ்சுக் குச்சி

பெயின்டர்: என் காலைத் தின்னுக்கிட்டு இருக்கிற கிருமியைப் போய் இப்படிப் புகழுறீங்களே அண்ணி... லேப்ல உக்காந்து உக்காந்து மூளை குழம்பிடுச்சா?

அண்ணி: புகழாம? ஆணி குத்தின புண்ணுக்குள்ள, காத்தே போகாத ஆழத்துல சொகுசா இருந்தது அது. அதுக்கு ஆக்ஸிஜன் விஷம், தெரியுமா?

பெயின்டர்: நமக்கு மூச்சு, அதுக்கு விஷமா?

அண்ணி: ஆமா. முந்தாநாள் உன் சீழை எடுத்த பஞ்சுக் குச்சி, லேப் வாசல்லயே ரொம்ப நேரம் காத்துல கிடந்துடுச்சு. பாத்ததும் தலையில கை வெச்சுட்டேன். போச்சு, கிருமியை லேப்ல வளர்த்துப் பாக்க வெச்சா, இந்தத் தடவையும் ஒண்ணும் வளராதுன்னு...

பெயின்டர்: முன்னாடி எடுத்த சீழ்லயும் ஒண்ணும் வளரலதானே?

அண்ணி: அதைக் காத்து படுற மாதிரி சாதாரணமா வெச்சிருந்தோம். அப்புறம்தான் டாக்டர் சந்தேகப்பட்டு, காத்தில்லாத ஜாடியில வெக்கச் சொன்னார்.

பெயின்டர்: அப்ப இந்தத் தடவை குச்சியிலயே செத்திருக்கணுமே?

அண்ணி: சாகலையே, அங்கதான் கில்லாடி. ஆக்ஸிஜன் அது உடம்புக்குள்ள போனா பொல்லாத விஷமா மாறும். இதுகிட்ட ஒரு நொதி இருக்கு, அதைப் புடிச்சுப் பெராக்சைடா மாத்திடும்.

பெயின்டர்: புண்ணுல ஊத்தினா நுரை பொங்குமே...

அண்ணி: அதேதான். அதுவும் கிருமிக்கு ஆகாது. சும்மா விடுமா? அடுத்த நொதி வந்து அதைத் தண்ணியாக்கிடும்.

பெயின்டர்: அட... வெறும் தண்ணியாவா?

அண்ணி: இன்னும் கேளு. காத்து பட்டதும் வளர்றதை நிறுத்திட்டு கம்முனு கிடக்கும். காத்து போனதும், கெட்டுப்போனதைச் சரி பண்ணிக்கிட்டுப் பழையபடி வேலையை ஆரம்பிக்கும். இத்துனூண்டு உசுருக்கு என்ன சாமர்த்தியம் பாரேன்.

பெயின்டர்: எங்க அண்ணனை ஒரு நாளாவது இப்படிப் புகழ்ந்திருப்பீங்களா?

அண்ணி: உங்க அண்ணனுக்குக் காத்து பட்டா சளி பிடிச்சுக்கும்.

பெயின்டர்: சரி... அது பொழைச்சது எனக்கு நல்லதா, கெட்டதா?

அண்ணி: நல்லதுதான். செத்திருந்தா அது யாருன்னே தெரிஞ்சிருக்காது. இப்ப எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரிஞ்சுபோச்சு.

பெயின்டர்: இப்பவா தெரியணும்...

அண்ணி: என்னடா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

பெயின்டர்: அண்ணி... அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. காலை எடுத்துடுங்கன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில. அப்புறம் ஏணி ஏறாம எப்படிப் பொழைக்கப் போறேன்னு... ஆனா எந்த மருந்தும் கேக்கல, வேற வழி தெரியல அண்ணி.

அண்ணி: தெரியும்டா, டாக்டரே சொன்னார். இப்ப அதை நிறுத்திட்டார், புது மருந்தே போதும்னுட்டார். உன் கால் தப்பிச்சதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்... அதைச் சொல்ல வாயைத் திறந்தா அழுகை முட்டுச்சு. அதான் இவ்வளவு நேரம் அந்தக் கிருமியைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தேன்.