மெட்டு இறங்கின சூடு

நாய்களுக்கு என்னைப் பிடிக்கும். போடியில் என் மருத்துவமனைக் கொல்லையில் வேளை தவறாமல் அவற்றுக்குச் சோறு வைத்தவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

எழுபத்தெட்டில் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் ஏலத்தோட்டத்து ஜீப்பு ஒன்று கவிழ்ந்தது. பின்னால் தொற்றிக்கொண்டு வந்த வீரணனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, சிறுநீர்க் குழாய் கிழிந்தது. ஆறும்போது தழும்பு குழாயை நெரித்துவிட்டது. மாதம் ஒருமுறை கம்பி விட்டு அகலப்படுத்துவேன், மறுபடியும் சுருங்கும். "ஒண்ணு இதைத் தெறந்து விடுங்க, இல்ல என்னயக் கொன்னுருங்க டாக்டரய்யா" என்பான். வாட்டசாட்டமான ஆள் என் மேசையில் கிடந்து அழுவதை மூன்று வருடம் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தேன். அந்தக் கையாலாகாத்தனம் என்னைத் தின்றது.

உதட்டின் உள்தோலை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுப்போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. எடுத்தவுடன் வீரணன்மேல் கத்தி வைக்கத் துணிவில்லை; முதலில் கொல்லை நாய்களிடம் சோதித்தேன். நல்ல நாய்க்கு அடைப்பு தானாக வராது. ஆகவே மயக்கமருந்து கொடுத்து, குழாய்க்குள் சூட்டுக்கோலால் தொட்டுப் புண்ணாக்கி, தழும்பு ஏறும்வரை காத்திருந்து, பிறகு தைத்தேன். பதினொன்றில் ஏழு செத்தன. நான்கு சுகமாக ஒன்றுக்குப் போயின. ஆனால் நாயின் குறிக்குள் எலும்பு உண்டு, மனிதனுக்குக் கிடையாது. நாய்க்குப் பிடித்த தையல் வீரணனுக்குப் பிடிக்குமா? கேட்க ஆளில்லை.

எண்பத்தொன்றில் சிலமலைக்காரன் சோணை குடலிறக்கத்துக்காக வந்தான். இருபத்தாறு வயது, தோட்டத்தில் களை வெட்டுகிறவன். குடலிறக்கத்தைப் பழுதில்லாமல் சரிசெய்தேன். மயக்கம் தெளிய இன்னும் அரைமணி இருந்தது. சூட்டுக்கோலை முன்பே அடுப்பில் காய வைத்திருந்தேன். நர்ஸ் மொக்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

எரிச்சல் கண்டதும் சோணை என்னைச் சந்தேகப்படவில்லை. மலைக்குளிரிலிருந்து வெயிலுக்கு இறங்கினால் உடம்பில் சூடு பிடிக்கும், நீர் கடுக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அவன் மனைவி குருவம்மாள் அவன் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவி, இளநீர் கொடுத்தாள். "மெட்டு எறங்குன சூடுதேன் டாக்டரய்யா, ரெண்டு நாள்ல போயிரும்" என்றாள். நானும் தலையாட்டினேன். மூன்று மாதத்தில், எதிர்பார்த்தபடியே, நீர் நூலாக ஒழுக ஆரம்பித்ததும் உதட்டுத் தோலை வைத்துத் தைத்தேன்.

தையல் பிடிக்கவில்லை. அதனால் வீரணனைத் தொடாமல் விட்டேன். எண்பத்துமூன்றில் சிறுநீரகம் கெட்டு அவன் போய்ச் சேர்ந்தான். அன்று நான் சாப்பிடவில்லை.

சோணை இன்றைக்கும் மாதாமாதம் கம்பி விட்டுக்கொள்ள வருகிறான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "நீங்க இல்லேன்னா நான் என்னைக்கோ செத்துருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வான். ஐந்து வருடமாக ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அவ்வளவு நம்பிக்கையோடு வருகிறவனின் மனதை நோகடிக்க யாருக்குத்தான் மனம் வரும்?