அக்காவின் பின்னூட்டம்

சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், விளம்பரக்காரர்கள் கொசுவைவிட மோசம் என்று. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவார்கள். வழுக்கைக்கு எண்ணெய், வாய்நாற்றத்துக்கு மாத்திரை, இன்னும் சொல்லக் கூசுகிற சமாச்சாரமெல்லாம் படிப்பவர்கள் கருத்து எழுதும் இடத்தில் பின்னூட்டமாக வந்து குவியும். நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அவற்றைத் தடுத்தது.

அதில் ஒரு சின்னத் தந்திரம். தடுத்துவிட்டேன் என்று விளம்பரக்காரனிடம் சொன்னால் வேறு பெயரில் வந்து நிற்பான். அதனால் சொல்வதில்லை. அவன் எழுதியது அவன் திரையில் மட்டும் தெரியும். ஊரே படிக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிடப்பான். வேறு யார் கண்ணிலும் படாது. நான் எதையும் ஒளிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். தளம் நடத்துவதற்கான அந்த மென்பொருளே எல்லோருக்கும் பொதுவானது. யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், புதிதாக எழுதிச் சேர்க்கலாம். நானும் என் நிரலை ஒரு வரி விடாமல் திறந்துதான் வைத்தேன், அதுவும் இலவசமாக. ஒருத்தர்கூட வாயைத் திறந்து நன்றி சொன்னதில்லை, அது வேறு கதை.

வேலை போனபிறகு அக்கா வீட்டு மாடியில் இருந்தேன். சோறு அத்தான் போட்டது. அவர் அக்காவை அடிப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மாடிக்குச் சத்தம் கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். காலையில் அக்கா டீ கொண்டுவந்து வைத்து, "தூங்கினியாடா?" என்று கேட்பாள். "தூங்கினேன்க்கா" என்பேன்.

ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர், வீட்டில் அடிபடும் பெண்களுக்காக ஒரு தளம் நடத்தினார். அதில் என் நிரல்தான் இருந்தது. "எனக்கு இதெல்லாம் ஓடாது தம்பி, நீங்களே பாத்துக்கோங்க" என்று நிர்வாகத்தை என்னிடம் விட்டுவிட்டார். யார் புதிதாக எழுதினாலும் முதலில் என் பார்வைக்கு வரும். அப்படித்தான் ஒரு மத்தியானம் அது வந்தது. பெயர் போடவில்லை. எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

'இனிமே தாங்காது. கழுத்த நெரிக்கிறார். வீட்ட விட்டு வந்துடறேன், எங்க வரதுன்னு யாராவது சொல்லுங்க. என் தம்பி மாடியில இருக்கான். கம்ப்யூட்டர்காரன், வேலை போய் நொந்து கிடக்கான். அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், பாவம்.'

அவள் போய்விட்டால் அத்தான் என்னை வைத்துக்கொள்வாரா? பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை அழிக்கவில்லை. விளம்பரக்காரர்களுக்குச் செய்வதைத்தான் செய்தேன். எனக்கு ஒரு வேலை கிடைக்கும்வரைதானே என்று நினைத்தேன்.

மறுபடி எழுதினாள். 'யாருமே இல்லையா?' பிறகு இன்னொன்று. 'எல்லாரும் படிச்சிட்டுப் போறீங்க. நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?' அதையும் அவள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் போனோடு மாடி ஏறி வந்தாள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள்.

"டேய், ஒரு இடத்துல நான் எழுதினது மத்தவங்களுக்குத் தெரியுதான்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

எழுதியதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பக்கத்தை மட்டும் காட்டினாள்.

"உன் போன்ல தெரியுதாக்கா?"

"தெரியுது."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ பதில் சொல்லத்தான் யாருக்கும் மனசில்ல போல" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதன்பிறகு எழுதவில்லை.

அந்த வாரமே அத்தான் அவள் கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. கொன்றது அவர்தான், உங்களிடமும் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் ஹெட்போனோடு மேலே இருந்தேன்.

அவளை எடுத்துக்கொண்டு போனபிறகு வீட்டில் யாரும் இல்லை. பாவம், அவ்வளவு எழுதியிருக்கிறாள், வீணாகக் கூடாது என்று தோன்றியது. தடையை எடுத்துவிட்டேன். பழைய தேதியைப் பார்த்துத்தான் நர்சம்மாவுக்குச் சந்தேகம் வந்தது என்கிறீர்கள். இருக்கட்டும், நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். ஆனால் தேதியைக் கவனிப்பதற்கு முன்னால் அவரும் மற்றவர்களும் பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். திரை நிறைய வந்துகொண்டே இருந்தது. 'எங்க இருக்கீங்க?' 'எதையும் எடுக்காதீங்க, அப்படியே கிளம்புங்க.' 'பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க, நான் காரோட நிக்கிறேன்.' நர்சம்மா எழுதியிருந்தார்: 'எங்க வீட்டுக்கு வாம்மா. தம்பியையும் விட்டுட்டு வராத, கூட்டிட்டு வா. மாடி காலியாத்தான் இருக்கு.'

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவிடம் காட்டலாம் என்று போனை எடுத்துக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன்.