மூடியைத் திறக்கச் சொன்னவள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஆண்டுவிழாக் குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் பிரியதர்ஷினியின் தாய் தீர்த்தம்மாள் அம்மா அவர்களே, என் தோழிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளி அறிவியல் மன்றச் செயலாளர் பிரியதர்ஷினிக்காகக் கூடியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இரங்கல் கூட்டம் நடத்தும் நிலை எந்தப் பள்ளிக்காவது வரலாமா?

நான் வாசிக்க ஓர் உரை எழுதித் தரப்பட்டது. வீட்டில் பழைய சோறு தின்றுவிட்டு வந்ததால் அவள் இறந்தாள் என்று அதில் இருக்கிறது. அதை நான் வாசிக்கப் போவதில்லை. யாருக்கும் தெரியாமல் இதை எழுதிக்கொண்டு வந்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

பிரியதர்ஷினி யார்? ஒரே பாக்கெட் பிரெட்டை நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தவள். ஒரு துண்டை வெயிலில் காய வைத்தாள். ஒன்றை அலுவலக ஃபிரிட்ஜில் வைத்தாள். ஒன்றை மேசைமேல் விட்டாள். கடைசித் துண்டை நனைத்து, டப்பாவில் மூடி, சமையலறைச் சுவரோரம் வைத்தாள். அதில்தான் பூஞ்சை கனமாகப் பிடித்தது.

"நாலையும் எங்கிட்ட குடுத்திருந்தா ஒண்ணும் கெட்டிருக்காதுடி" என்றாள் எங்கள் மன்றத்து அஃப்சானா.

"உன் வயித்துலயும் ஈரம், சூடு, தீனி மூணும் இருக்கு. அங்கயும் வளரும், போ" என்றாள் இவள்.

ஆண்டுவிழா நாளில் நடந்தது என்ன? சிறப்பு விருந்தினர் தம் கையால் முதல் கரண்டி பரிமாறிய பிறகே எல்லோருக்கும் சாப்பாடு என்பது நம் பள்ளி வழக்கம். விடியுமுன்பே தேங்காய்ச் சோறு வெந்துவிட்டது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து, விருந்தினர் கார் நின்றுவிட்டது. சித்திரை வெயில். தகரக் கொட்டகை. மூடிய அண்டா. ஈரம், வெதுவெதுப்பு, தீனி. நுண்ணுயிர் பெருக இன்னும் என்ன வேண்டும்?

அவள் விழாக் குழுவினரிடம் போய்ச் சொன்னாள். "சார், இப்பவே பரிமாறிரலாங்க. இல்லன்னா மூடியத் தொறந்து பரப்பியாவது வைங்க. கெட்டுருங்க."

"டாக்டரம்மா வந்துட்டாங்க. போய் வரிசைல உக்காரு" என்று கேலி செய்து அவளை அனுப்பிவிட்டார்கள்.

விருந்தினர் வந்து சேர்ந்த பிறகு, மாலையில் அண்டாவைத் திறந்தபோது வாடை அடித்தது. மறுபடி சூடாக்கினார்கள். கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு சாகாது என்று அவள்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

தெரிந்தும் ஏன் சாப்பிட்டாள்? "வூட்ல எதுவும் சாப்புடலடி. விருந்துக்குன்னு வயித்தக் காலியா வெச்சிருக்கேன்" என்று காலையில் என்னிடம் சிரித்தாள். மாலைவரை பட்டினி. "விருந்தாளி முன்னால மூஞ்சியச் சுளிக்காம தின்னுங்க" என்று விழாக் குழுவினர் எங்கள் பின்னால் நின்று சொன்னார்கள். தின்றோம். நாங்கள் பலரும் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தோம். நாங்கள் எல்லோருமா வீட்டில் பழையது தின்றோம்?

அவள் வேலையை மன்றத்தில் உள்ள நாங்கள் விடமாட்டோம். யார் வந்தாலும் வராவிட்டாலும், சோறு சூடு ஆறுமுன் பரிமாறச் சொல்வோம். மறுத்தால் ஒருத்தியும் தட்டு எடுக்க மாட்டோம்.

தீர்த்தம்மாள் அம்மா, யார் என்ன சொன்னாலும் தலை குனியாதீர்கள். அன்று உங்கள் வீட்டுச் சோற்றை அவள் தொடவே இல்லை. தொட்டிருந்தால், மாலையில் அந்தத் தட்டைத் தள்ளி வைக்க அவளால் முடிந்திருக்கும்.