மூன்றாம் மாடியில் ஒரு சீட்

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி. ஜனவரிக் குளிர். ஆற்றங்கரையில் புதிதாகப் போட்ட தெரு... இரண்டு பக்கமும் புதுக் கட்டடங்கள், குச்சி குச்சியாகப் புது மரங்கள். ஆள் நடமாட்டம் மட்டும் இல்லை. மத்ரீத் நகரமே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்திருக்கும் நேரம் அது. அந்தத் தெருவில், காலி பாட்டில் போடும் பச்சைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் ஒளிந்து நிற்கிறாள். தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு.

அவள் பெயர் நூரியா. என் தோழி ரெமெதியோஸின் தங்கை. இது அவளுக்கு நடந்தது.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. படியில் இன்னும் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

நூரியாவுக்கு மருந்துக் கடையில் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டியூட்டி. அவள் புருஷன் எலாதியோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவன் சுவரில் இடித்தால்கூட, "பரவால்ல, பின்னாடி எடுங்க" என்று சொல்கிற மனிதர். நூரியா டியூட்டிக்குப் போகும் ஞாயிறுகளில் அவர் பக்கத்து ஊரான மோஸ்தோலெஸில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் கிளம்புவார்கள். இரவுதான் திரும்புவார்கள்.

அந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? ஆற்றங்கரைக் கால்பந்து ஸ்டேடியத்தை இடித்தார்களே... அங்கே. மூன்றாம் மாடி. ரசிகர்கள் உட்காரும் தென்பக்க ஸ்டாண்ட் எந்த உயரத்துக்கு ஏறியிருந்ததோ ஏறக்குறைய அதே உயரம்.

சிரிக்காதே, ஹசிந்தோ. நீ எதிரணி, வெள்ளை டீம் ஆள், உனக்கு அந்த ஸ்டேடியம் போனதில் சந்தோஷம். வாயை மூடிக்கொண்டு கேள்.

குடிவந்த முதல் குளிர்காலம். ஒரு ஞாயிறு இரவு நூரியா முதலில் வீடு திரும்புகிறாள். கதவைத் திறந்ததும் சுருட்டு வாசனை. அவர்கள் இருவருமே புகைப்பதில்லை. ஹாலில், ஜன்னலோரத்து மஞ்சள் நாற்காலிக்கு அடியில் சூரியகாந்தி விதைத் தோல். ஒரு கைப்பிடி அளவுக்கு. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது... அப்போதுதான் யாரோ கடித்துத் துப்பியது போல.

பெருக்கித் தள்ளினாள். கேட்கவில்லை. எலாதியோ வந்தபோது ஒன்று மட்டும் கேட்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

அந்த 'நல்லா'வில் ஏதோ ஒளிந்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே வாசனை. கூடவே சோம்பு சாராய நெடி. நாற்காலி மெத்தையில் குழி. சரி, இவர் அம்மா வீட்டுக்குப் போவதே இல்லை, யாரையோ இங்கே கூட்டிவருகிறார் என்று முடிவு கட்டினாள். சுருட்டுப் பிடிக்கிற பொம்பளையாக இருக்கும் என்று ரெமெதியோஸிடம் ஃபோனில் அழுதாள். ரெமெதியோஸ் என்னிடம் சொன்னாள். நானும் நம்பினேன். அமைதியான ஆண்களை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. சில ஞாயிறுகளில் எலாதியோ முதலில் வந்துவிடுவார். அப்போது தோலைப் பெருக்கியது அவர். ஜன்னலைத் திறந்து வாசனையை விரட்டியது அவர். மருந்துக் கடையிலிருந்து நூரியா நழுவி வந்து யாரோ ஒரு ஆம்பளையை வீட்டில் உட்கார வைக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்கவில்லை. ஒரே கட்டிலில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, இரண்டு மாதம்.

இப்போது அந்த ஜனவரி ஞாயிறுக்கு வருகிறேன். தலைவலி என்று கூட வேலை செய்பவளிடம் கடையை விட்டுவிட்டு நூரியா வந்து தொட்டிக்குப் பின்னால் நிற்கிறாள். மூச்சு புகையாகப் போகிறது. எதிர்ப்பக்கம், மரத்துக்குப் பின்னால் ஒருவன் நிற்பதைக் கவனிக்கிறாள். தலையில் குல்லாய், மஃப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டிருக்கிறான். அவனும் அதே ஜன்னலைத்தான் பார்க்கிறான்.

எலாதியோ.

தெருவைக் கடந்து போனாள்.

"நீ அம்மா வீட்டுக்குப் போகல?"

"நீ கடைக்குப் போகல?"

"என்னைக் கேக்காத. மேல யாரு இருக்கா?"

"அத நான் உன்கிட்ட கேக்கணும் நூரியா. அந்த ஆளு யாரு?"

"எந்த ஆளு? நீ கூட்டிட்டு வர்ற பொம்பளயப் பத்தி நான் பேசிட்டிருக்கேன்."

இருவரும் நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

மூன்றாம் மாடி. அவர்கள் ஜன்னல். திரை மெதுவாக ஒதுங்கியது... வெயில் கண்ணில் படாமல், ஆனால் மைதானம் மறையாமல், ஒருவர் அளவாக ஒதுக்கிக்கொள்வது போல.

லிஃப்டில் ஏறவில்லை. படியில் போனார்கள். கதவில் காதை வைத்தாள் நூரியா. உள்ளே ஒரு சத்தம். டிக்... த்தூ. கொஞ்சம் இடைவெளி. டிக்... த்தூ. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

எலாதியோ சாவியைத் திருப்பினார்.

ஆள் இல்லை. சுருட்டு வாசனை. குளிரில் நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை. மஞ்சள் நாற்காலியின் மெத்தை... அழுந்திக் கிடந்த குழி மெதுவாக, மூச்சு இழுப்பது போல, மேலே எழும்பிக்கொண்டிருந்தது. எலாதியோ கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு."

நூரியா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். இவளுக்கு அவர் மேல் இருந்த சந்தேகமும் அவருக்கு இவள் மேல் இருந்த சந்தேகமும் ஒரே நிமிஷத்தில் போனது. பேய்தானா என்று இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

"பாவம், இங்க ஸ்டாண்டுல உக்காந்து ஆட்டம் பாத்த யாரோ. அவருக்கு யாரும் சொல்லல போல," என்றார் எலாதியோ. "டீம் வேற இடத்துக்குப் போயிடுச்சுன்னு."

"நீ சொல்லு அப்ப."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் உடனே நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டப் பழகுகிறவர்களிடம் பேசுகிற அதே குரல்.

"ஐயா, மன்னிக்கணும். ஆட்டம் இப்ப இங்க நடக்கறதில்ல. புது ஸ்டேடியம் ஊருக்குக் கிழக்கால. மெட்ரோல பச்சை லைன் பிடிச்சா மாறாமப் போகலாம். வழி தெரியலன்னா சொல்லுங்க... நானே கூட்டிட்டுப் போறேன்."

ஹசிந்தோ சொல்வது கேட்கிறது. அவன் டீம் ஆள் செத்தால் நேரே சொர்க்கத்துக்குப் போவானாம், தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள்தான் இப்படி அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பார்களாம். இருக்கட்டும். நூரியாவும் அன்று இப்படித்தான் கேலி பேசினாள். டீம் சொந்த மைதானத்தில் ஆடும் அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று எலாதியோ மூன்று டிக்கெட் வாங்கி வைத்திருந்ததைப் பார்த்த பிறகு பேசவில்லை.

மூவருமாகப் போனார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிராமிதெஸ் ஸ்டேஷனில் ஏறி, எலாதியோவும் நூரியாவும் நடுவில் ஒரு சீட்டை விட்டு உட்கார்ந்தார்கள். வண்டியில் நல்ல கூட்டம். கனத்த உடம்புக்காரி ஒருத்தி, இரண்டு கையிலும் பை, அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பி உட்காரப் போனாள். பாதி குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க பெரியவரே. கவனிக்கல."

கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றாள். நூரியா தன் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துத் தோள் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்ததாம்.

ஆட்டம் டிரா. கூட்டம் கலைந்ததும் எலாதியோ காலி சீட்டிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வந்தார். திரும்பும்போது இரண்டு பேர்தான். அதற்கடுத்த ஞாயிறுகளில் வீட்டில் வாசனை இல்லை, தோல் இல்லை. நூரியா மஞ்சள் நாற்காலிக்குப் புது உறை தைத்தாள். கோடையில் கடலுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரிக் கடைசி. மறுபடி உள்ளூர் ஆட்டம் இருந்த ஞாயிறு. நூரியாவுக்கு அன்று டியூட்டி இல்லை. கீழ்வாசல் மணி அடித்தது. சுவரில் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்தாள். தெரு. மரம். யாரும் இல்லை. ஆனால் கேமராவின் கண்ணாடியில் ஆவி படிந்தது, விலகியது, மறுபடி படிந்தது. யாரோ மிக அருகில் வாயை வைத்து மூச்சு விடுவது போல.

எலாதியோ ரிசீவரை எடுத்தார்.

"தம்பி இருக்கீங்களா?" வயதானவர் குரல். மரியாதையான குரல். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு அன்னிக்கு உங்ககூட வந்தவரு சொன்னாரு."

"நீங்க யாரு?"

"தென்பக்க ஸ்டாண்ட்."

"எத்தன பேரு?"

 பிறகு அந்தக் குரல், திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு வந்தது போல, தயக்கத்தோடு சொன்னது.

"எல்லாரும்தான்."

நூரியா ரிசீவரைப் பிடுங்கப் போனாள். "முடியாதுன்னு சொல்லு. எலாதியோ, இப்பவே சொல்லு."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிர்ல நிக்கறாங்க நூரியா," என்றார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே போனார்.

அன்றிரவே நூரியா ஒரு பெட்டியோடு ரெமெதியோஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். எலாதியோ வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். "வர்றேன்னு சொன்னவங்கள விட்டுட்டு எப்படி வர்றது," என்பார். உள்ளூர் ஆட்டம் ஒன்று விடாமல் போகிறார். தெருவில் எல்லாரும் அவருக்கு வேறு பெண் இருக்கிறாள் என்றுதான் பேசுகிறார்கள். நூரியா மறுப்பதில்லை. நம்பக்கூடிய காரணம் ஒன்று இருப்பது நல்லது என்கிறாள்.

போன மாதம் அவள் துணிமணிகளை எடுக்க நானும் ரெமெதியோஸும் போனோம். கார் நிறுத்த இடமில்லை, ரெமெதியோஸ் காரிலேயே இருந்தாள். நான் மட்டும் ஏறினேன். எலாதியோ கதவைத் திறந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டும் ஷூவும் போட்டிருந்தார்.

"இன்னிக்கு ஆட்டம் இருக்கு," என்றார்.

"எத்தன நாளைக்கு இப்படி?"

"ஒரு தடவைக்கு ரெண்டு மூணு பேரத்தான் கூட்டிட்டுப் போக முடியுது." யோசித்தார். "ஆனா சண்டை போடாம, கீழ முறை வச்சு நிக்கறாங்க. நல்ல மனுஷங்க."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழ்வாசல் இருட்டாக இருந்தது. கதவைத் திறக்கும் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் கறிக்கடையோ, டாக்டரோ, எங்கே போனாலும் நாம் என்ன செய்கிறோம்... ஒருவர் பின் ஒருவராக நிற்க மாட்டோம். உள்ளே நுழைந்ததும், யார் கடைசி என்று கேட்போம். யாராவது நான்தான் என்பார்கள். அவருக்கு அடுத்தது நாம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்போம், ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், யோசிக்கவே மாட்டோம்.

என் காதுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். அப்போதுதான் வந்து சேர்ந்தது போல மூச்சு வாங்கியது.

"யாருங்க கடைசி?"

கையில் பை கனம். பொத்தான் கிடைக்கவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை...

"நான்தான்," என்று சொல்லிவிட்டேன்.